உயர்தர டிஜிட்டல் பியானோவைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் வைத்து வாசிப்பதற்கும் வாசித்ததைப் பதிவு செய்வதற்கும் வாங்கப்படும் டிஜிட்டல் பியானோ, வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே கருவியாகத் தோன்றினாலும், உள்ளே மூன்று தனித்தனிக் கருவிகள் சேர்ந்த தொகுப்பாகும். விரலின் அசைவை வாங்கி அளக்கும் கட்டைத் தொகுதி முதலாவது. அந்த அளவைப் பெற்று ஒலியை உருவாக்கும் கணினிப் பகுதி இரண்டாவது. உருவான ஒலியை அறைக்குள் பரப்பும் ஒலிபெருக்கியும் மரப்பெட்டியும் மூன்றாவது. (விரல் அழுத்தும் கீயை, ஆர்மோனியக்காரர்கள் காலந்தொட்டு வழங்கிவரும் பேச்சை ஒட்டி, 'கட்டை' என்றே இவ்வத்தியாயம் குறிப்பிடுகிறது.) இம்மூன்றும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. ஒலி பிடிக்காமல் போனால் பின்னாளில் கணினி மென்பொருள் ஒன்றை இணைத்து அதை மாற்றிக்கொள்ளலாம். ஒலிபெருக்கி போதவில்லையென்றால் தனியாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளலாம். கட்டைத் தொகுதியோ வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் கடைசிவரை இருக்கும். ஆகவே, பெருந்தொகை செலவிட முன்வருவோர், அத்தொகையின் பெரும்பங்கு கட்டைக்கும் பெடலுக்கும் போய்ச் சேருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கடைகளில் பேச்சு பெரும்பாலும் எத்தனை ஒலிகள், எத்தனை தாளங்கள், எத்தனை வாட் என்ற வரிசையில் தொடங்குவதால், இந்த முன்னுரிமையை வாங்குபவர்தான் மனத்தில் இருத்திக்கொண்டு போக வேண்டும்.

கட்டையும் சுத்தியலும்

கட்டையின் தரத்தை மதிப்பிடுவதற்கு, தந்தி பூட்டிய அசல் பியானோவுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு அறிந்திருப்பது அவசியம். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், மெடிசி குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரி உருவாக்கிய அமைப்பில், கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை நோக்கி வீசப்படுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, தன் வேகத்திலேயே சென்று தாக்கிவிட்டுத் திரும்பி விழுகிறது. விடுபட்டுவிட்ட சுத்தியலை விரலால் ஒன்றும் செய்ய இயலாது என்பதால், எழும் ஒலியின் வலிமையும் நாதத்தின் தன்மையும் பெரும்பாலும் அந்தக் கணத்தில் சுத்தியல் பெற்றிருந்த வேகத்தையே சார்ந்திருக்கின்றன. பின்னர் 1821இல் செபாஸ்தியன் எரார் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு அமைப்பு, கட்டை முழுவதும் மேலே எழும்பி வருமுன்பே அதே சுரத்தை மறுபடி அடிக்க வழி செய்தது. இன்றைய கிராண்ட் பியானோக்கள் அனைத்தும் அதன் வழிவந்தவையே.

டிஜிட்டல் பியானோவில் தந்தி இல்லை. கட்டையோ அதனுடன் அசையும் சுத்தியலோ கடந்துபோகும் பாதையில் இரண்டு உணரிகள், அதாவது அசைவைக் கண்டறியும் சிறு உறுப்புகள், அமைக்கப்பட்டிருக்கும். முதல் உணரியைக் கடந்ததற்கும் இரண்டாவதைக் கடந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, வேகம் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு உணரிகள் மட்டும் உள்ள கருவியில் கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தால்தான் அடுத்த அடி பதிவாகும் என்பதால், ஒரே சுரத்தை விரைந்து அடுக்கும் இடங்களில் சில அடிகள் விழுங்கப்பட்டுவிடும். மூன்றாவது உணரி சேர்க்கப்பட்ட கருவிகள் இக்குறையைப் பெரிதும் போக்குகின்றன. உயர்விலைக் கருவி எனச் சொல்லப்படும் எதிலும் மூன்று உணரிகளோ, சுத்தியலையே ஒளியால் அளக்கும் அமைப்போ இருந்தாக வேண்டும்.

உணரியைவிடவும் விரலுக்கு நேரடியாகத் தெரிவது கட்டையின் நீளம். கிணற்று ஏற்றம்போலக் கட்டையும் நடுவில் ஒரு தாங்குபுள்ளியின்மீது ஏறி இறங்குகிற நெம்புகோல்தான். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பகுதிக்கு அப்பால், பெட்டிக்குள் மறைந்திருக்கும் பகுதி எவ்வளவு நீளம், தாங்குபுள்ளி எவ்வளவு பின்னால் என்பதைப் பொறுத்தே அதன் கனம் அமைகிறது. மலிவான கருவிகளில் தாங்குபுள்ளி முன்னால் நெருங்கி வந்துவிடுவதால், கட்டையின் முனையில் இலேசாக இறங்கும் விரல், கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ளே சென்று அழுத்தும்போது கல்லை அழுத்துவதுபோல் திணறுகிறது. கறுப்புக் கட்டைகள் மிகுந்த பகுதிகளில் கட்டைவிரல் எப்போதும் உள்ளேதான் விழும் என்பதால் இது சிறு குறையன்று. கடையில் ஒரே விரலால் ஒரே வெள்ளைக் கட்டையை முதலில் முனையிலும், பிறகு பலகையை ஒட்டிய உட்புறத்திலும் மிக மென்மையாக அழுத்திப் பார்த்தால், விளம்பரத் தாள் சொல்லாத இந்தச் செய்தி அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கனத்தை அளப்பதற்கும் எளிய வழி உண்டு. நன்கு சீரமைத்த கிராண்ட் பியானோவின் கட்டை ஏறத்தாழ 50 கிராம் எடையில் மெல்லக் கீழிறங்கும். இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். இந்தியாவின் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம் எடையுள்ளது. ஆறு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டையின் முன்முனையில் வைத்தால் 46 கிராம், ஏழு வைத்தால் 54 கிராம். ஆறிலோ ஏழிலோ கட்டை அசைந்து மெதுவாகத் தாழ்ந்தால் கனம் இயல்பான எல்லைக்குள் இருக்கிறது எனக் கொள்ளலாம். மந்திர ஸ்தாயிக் கட்டைக்கு உச்ச ஸ்தாயிக் கட்டையைவிட ஒரு நாணயம் கூடுதலாகத் தேவைப்படுவது, கனம் படிப்படியாகக் குறையும்படி அமைக்கப்பட்டிருப்பதன் அடையாளம். எனினும் இது நின்ற நிலையில் எடுக்கும் அளவே. வேகமாக அடிக்கும்போது உணரப்படும் எதிர்ப்பு, அசையும் பாகங்களின் நிறையிலிருந்து வருவதாகையால், நாணயச் சோதனையில் தேறிய கருவியையும் பத்து நிமிடமாவது தொடர்ந்து வாசித்துப் பார்த்த பிறகே கை அதற்கு ஒப்புகிறதா என்று முடிவுசெய்ய வேண்டும். முன்கை இறுகிப்போனால் அந்தக் கருவி எவ்வளவு புகழ்பெற்றதானாலும் அந்த வாசிப்பாளருக்கு உரியதன்று.

இந்த விலை மட்டத்தில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கவாய் நிறுவனத்தின் சிஏ901 போன்றவை, தாங்குபுள்ளி பின்தள்ளப்பட்ட நீண்ட மரக்கட்டைகளை மின்னணுக் கருவிக்கெனவே வடிவமைத்த சுத்தியல் அமைப்போடு இணைப்பவை. இரண்டாவது வகையான கேசியோவின் செல்வியானோ கிராண்ட் ஹைப்ரிட் வரிசை, ஜெர்மானிய பியானோ நிறுவனமான பெக்ஸ்டைனுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டது. யமஹாவின் அவந்த்கிராண்ட் என்1எக்ஸ், கவாயின் நோவஸ் என்வி10எஸ் போன்ற கலப்பினக் கருவிகளோ அசல் கிராண்ட் பியானோவின் கட்டை, சுத்தியல் அமைப்பையே உள்ளே வைத்து, தந்தி இருக்க வேண்டிய இடத்தில் உணரிகளை அமர்த்தியவை. யமஹாவின் என்யூ1எக்ஸ்ஏ இதே முறையில் நிமிர்ந்த பியானோவின் அமைப்பைக் கொண்டுள்ளது; தேர்வுக்கும் மேடைக்கும் கிராண்ட் பியானோவில் வாசிக்கப்போகிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கிவிடக் கூடாது. கலப்பினக் கருவியைத் தொட்டவர்களுக்கு மற்றவை பொம்மைபோலத் தோன்றுவது உண்மையே. ஆனால் அதனுள் கம்பளியும் மரமும் திருகாணிகளும் நிறைந்த அசல் பொறிமுறை இருப்பதால், சுருதி சேர்க்கும் வேலை இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சீரமைக்கும் பியானோ தொழில்நுட்பர் ஒருவர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அப்படியொருவர் இல்லாத ஊரில், நீண்ட மரக்கட்டை கொண்ட முதல் வகையே பொருத்தமானது.

பெடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வலப்பக்கப் பெடல் வெறும் சுவிட்சாக இல்லாமல், கால் எவ்வளவு இறங்கியது என்பதை 0 முதல் 127 வரை தொடர்ச்சியாக அளப்பதாக இருக்க வேண்டும்; பாதி அழுத்திய பெடலில் ஒலி பாதியளவே நீண்டு தேய்வது பியானோ வாசிப்பின் உயிரான நுட்பம்.

ஒலியைக் கேட்டறிதல்

ஒலி இரண்டு முறைகளில் உருவாக்கப்படுகிறது. பெரிய கச்சேரி பியானோ ஒன்றின் 88 கட்டைகளையும் வெவ்வேறு வலிமைகளில் அடித்துப் பதிவு செய்து, வாசிக்கும்போது பொருத்தமான பதிவை எடுத்து ஒலிக்கச் செய்வது சாம்பிளிங் முறை. தந்தி, சுத்தியல், ஒலிப்பலகை ஆகியவற்றின் அதிர்வைக் கணிதச் சமன்பாடுகளால் அந்தந்தக் கணமே கணக்கிட்டு உருவாக்குவது மாடலிங் முறை. பின்னதை 2006இல் வெளிவந்த பியானோடெக் மென்பொருளும், 2009இல் ரோலண்ட் வெளியிட்ட வி-பியானோவும் பரவலாக அறியச் செய்தன. முன்னது ஒற்றைச் சுரத்தின் அழகில் மேலோங்கி நிற்கிறது. பின்னது, மென்மையிலிருந்து வலிமைக்குச் செல்லும்போது படிக்கட்டு தெரியாமல் வழுக்கிச் செல்கிறது. இரண்டையும் கலந்த கருவிகளே இன்று மிகுதி என்பதால், முறையின் பெயரைவிடக் காதின் தீர்ப்பே பெரிது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு சோதனைகள் உதவும். முதலாவதாக, இடக்கைப் பக்கத்தில் தாழ்ந்த ஸ்தாயியின் ஸி கட்டையை ஒலி எழாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஸ்தாயியின் ஸி கட்டையை வலக்கையால் சட்டென அடித்து எடுத்துவிட வேண்டும். அசல் பியானோவில், திறந்து நிற்கும் தாழ்ந்த தந்தி அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு, அடித்த சுரத்தின் மெல்லிய நிழலாகத் தொடர்ந்து ஒலிக்கும். இதுவே ஒத்ததிர்வு எனப்படுவது. நல்ல டிஜிட்டல் பியானோவிலும் அந்த நிழல் கேட்க வேண்டும். இரண்டாவதாக, பெடலை அழுத்தியபடி மிகத் தாழ்ந்த சுரம் ஒன்றை அடித்து, அது முற்றிலும் அடங்கும்வரை ஹெட்போனில் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஒலி உயிரோடு மாறிக்கொண்டே தேய்கிறதா, அல்லது சில நொடிகளுக்குப் பின் ஒரே துணுக்கு சக்கரம்போலத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா என்பது அப்போது வெளிப்படும். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் பாலிஃபோனி, இவ்விலைக் கருவிகளில் பொதுவாக 256 என்ற அளவை எட்டிவிட்டதால், அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

வீட்டுக்குள்

ஒலிபெருக்கியின் வாட் எண்ணிக்கை, வீட்டு அறையில் எதையும் பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. ஒலி எங்கிருந்து எழுகிறது என்பதே முக்கியம். சிஏ901 போன்ற சில கருவிகளில் பின்புறம் மரப்பலகை ஒன்றையே அதிரச் செய்து ஒலி பரப்பப்படுகிறது, அத்தகையதைச் சுவரோடு ஒட்டிவைத்தால் அதற்குக் கொடுத்த விலை வீணாகும். இரவு நேரங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாசிப்பு பெரும்பாலும் ஹெட்போனில்தான் நடக்குமாதலால், காதைச் சுற்றிக் காற்றோட்டமுள்ள திறந்த வகை ஹெட்போனுக்கும் தொகை ஒதுக்குவது அறிவுடைமை. ஆனால் ஹெட்போன் அணிந்தால் அயலாருக்கு ஒன்றும் கேட்காது என்று எண்ணிவிடலாகாது: கட்டைகள் அடித்தளத்தில் மோதும் அதிர்வு கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் மெல்லிய இடியாகக் கேட்கும். கடையில் ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு வேகமாக வாசித்து அந்த வெற்றுச் சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதும், வீட்டில் தடித்த ரப்பர் விரிப்பின்மீது கருவியை நிறுத்துவதும் இதற்கு உரிய முன்னேற்பாடுகள்.

கலப்பினக் கருவிகள் நூறு கிலோவைத் தாண்டும் எடையுள்ளவை என்பதால், மாடிப்படித் திருப்பமும் லிஃப்டின் அகலமும் முன்கூட்டியே அளக்கப்பட வேண்டும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அசல் பியானோவின் ஒலிப்பலகையை உப்பச் செய்து சுருதியைக் கலைப்பது பலரை டிஜிட்டல் பியானோவை நோக்கித் திருப்பும் காரணங்களுள் ஒன்று. எனினும் டிஜிட்டல் கருவியிலும் மரக்கட்டை உப்பி உராயக்கூடும், உணரிகளின் ரப்பர் தொடுமுனைகளில் தூசும் உப்பும் படியக்கூடும். வாசித்து முடித்ததும் மூடியைச் சாத்துவதும், ஜன்னலுக்கு எதிரே வைக்காதிருப்பதும் போதிய பாதுகாப்பு. ஜப்பானிலிருந்து நேரடியாகக் கொண்டுவரப்படும் பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்கும்; 230 வோல்ட்டில் நேரே செருகினால் அவை எரிந்துபோகும்.

பதிவு செய்தல்

பதிவுக்கு இரண்டு பொருள்கள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பலர் தேவையற்ற கருவிகளை வாங்குகின்றனர். ஒலியையே பதிவு செய்வது ஒன்று. வாசிப்பைப் பதிவு செய்வது மற்றொன்று. பின்னதற்கு உரியது, 1983இல் நடைமுறைக்கு வந்து இன்றும் நிலைத்திருக்கும் மிடி என்னும் பொது மொழி. எந்தக் கட்டை, எந்தக் கணத்தில், எந்த வேகத்தில் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது, பெடல் எவ்வளவு இறங்கியது என்ற எண்களை மட்டுமே அது ஏந்திச் செல்கிறது. ஒலி அதில் இல்லை. யூஎஸ்பி கம்பி ஒன்றின் வழியே இந்த எண்களைக் கணினிக்கு அனுப்பினால், தவறிய ஒரு சுரத்தை மட்டும் திருத்தலாம், லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பதிவான கச்சேரி பியானோவின் நூறு ஜிகாபைட்டைத் தாண்டும் ஒலித்தொகுப்பைக் கொண்டு அதே வாசிப்பை ஒலிக்கச் செய்யலாம், பத்தாண்டு கழித்து இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் அதிலும் ஒலிக்கச் செய்யலாம். கட்டைக்கு முதலிடம் தர வேண்டும் என்று தொடக்கத்தில் வலியுறுத்தியதன் காரணம் இங்கேதான் முழுமையாகத் தெளிவாகிறது: மென்பொருளின் ஒலி எவ்வளவு உயர்ந்ததாயினும், கட்டையின் உணரி தவறாக அளந்த எண்ணை அதனால் ஈடுசெய்ய இயலாது.

அந்த அளவை வாங்குமுன்பே சரிபார்க்கலாம். மடிக்கணினியைக் கருவியோடு இணைத்து, நடு ஸ்தாயியில் ஒரே கட்டையை மிக மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக வலுக்கூட்டி இருபது முறை அடித்து, பதிவு மென்பொருள் காட்டும் வேக எண்களைப் பார்க்க வேண்டும். 15, 20 என்ற அளவில் தொடங்கி 115, 120 வரை சீராக ஏறினால் அளவீடு நன்று. எவ்வளவு முயன்றும் எண்கள் 45க்கும் 95க்கும் இடையிலேயே நின்றுவிட்டால், ஒலித்தொகுப்பின் மென்மையான பதிவுகளும் உரத்த பதிவுகளும் ஒருபோதும் ஒலிக்கப்போவதில்லை. இதைக் கருவியின் தொடுகை அமைப்பை மாற்றியோ, மென்பொருளில் வேக வளைவைத் திருத்தியோ ஓரளவு சரிசெய்யலாம். ஒரே அழுத்தத்துக்குப் பக்கத்துக் கட்டைகள் வெவ்வேறு எண்களைத் தந்தால் மட்டும் அந்தக் கருவியை விட்டுவிட வேண்டும். பெடலையும் இதே முறையில் மெல்ல இறக்கிப் பார்த்தால், எண்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றனவா, 0இலிருந்து 127க்குத் தாவுகின்றனவா என்பது திரையில் தெரியும்.

மென்பொருளின் வழியே வாசிக்கும்போது, கருவியின் சொந்த ஒலியும் சேர்ந்து இரட்டையாகக் கேட்காமலிருக்க 'லோக்கல் கன்ட்ரோல்' என்னும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். அழுத்தியதற்கும் கேட்பதற்கும் இடைப்பட்ட தாமதம் அடுத்த சிக்கல். நொடிக்கு 48,000 துணுக்குகள் என்ற அளவில் இயங்கும் கணினி, 128 துணுக்குகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் அந்த ஒரு படியில் ஏற்படும் தாமதம் சுமார் 2.7 மில்லிநொடி, காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஆகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. மொத்தத் தாமதம் 10 மில்லிநொடிக்குள் நின்றால் பெரும்பாலோர் விரலுக்கு அது தெரிவதில்லை.

கருவியின் சொந்த ஒலியே பிடித்திருந்தால், வேலை இன்னும் எளிது. பல கருவிகள் பென்டிரைவில் நேரடியாகவே ஒலிக்கோப்பைப் பதிகின்றன. அறையின் சத்தம் எதுவும் கலவாத இந்தப் பதிவு வீட்டுத் தேவைக்கு மிகவும் போதுமானது. கணினியில் பதிய விரும்புவோர், கருவியின் லைன் அவுட் துளையிலிருந்து இரு கம்பிகளை ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் இடைப்பெட்டிக்குக் கொண்டுசென்று, 24 பிட் அளவில், மிக உரத்த இடமும் உச்சவரம்புக்கு 6 முதல் 10 டெசிபெல் கீழே நிற்குமாறு பதிய வேண்டும். அப்போது பின்னணியில் இடைவிடாத ரீங்காரம் கேட்டால், கருவியைக் குறைசொல்லுமுன் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரீங்காரம் நின்றுவிட்டால், இரண்டு மின்செருகிகளின் நில இணைப்புகளுக்கிடையே உருவான சுற்றே அதற்குக் காரணம், மின்மாற்றி கொண்ட டிஐ பெட்டி ஒன்று அதைத் தீர்க்கும். ஒலிபெருக்கியின் முன் மைக் வைத்துப் பதிவது, அறையின் குறைகளையெல்லாம் சேர்த்துப் பதிவதாகும்.

பதிவே முதல் நோக்கம் என்பவர்கள், ஒலிபெருக்கியும் மரப்பெட்டியும் இல்லாத மேடைப் பியானோக்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். நீண்ட மரக்கட்டைகள் கொண்ட கவாய் எம்பி11எஸ்இ, கவாயின் கட்டை அமைப்பையே உட்கொண்ட நார்ட் கிராண்ட் ஆகியவற்றில், பெட்டிக்குப் போகும் பணம் கட்டைக்கே போகிறது. மிச்சத்தில் நல்ல ஸ்டூடியோ ஒலிபெருக்கிகளை வாங்கிவிடலாம். வீட்டில் உள்ளோர் அனைவரும் வந்து அமர்ந்து தொடும் கருவியாக, மூடியைத் திறந்ததும் ஒலிக்கத் தயாராக அது இருக்காது என்பதே இதன் குறை. கர்நாடக இசையின் கமகங்களைக் கட்டையில் கொண்டுவர விரும்புவோருக்கும் ஒரு செய்தி உண்டு: பியானோ, அசலாயினும் டிஜிட்டலாயினும், சுரத்தை வளைக்காது, அதற்கு வளைவுச் சக்கரம் கொண்ட மேடைக் கருவியோ சிந்தசைசரோ வேண்டும், வீட்டுப் பெட்டி வகையில் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

பாடகருக்குத் துணையாக வாசித்துப் பதிவோருக்கு இடமாற்றப் பொத்தான் பேருதவி. ஒரு கட்டை என்பது ஸி, ஐந்து கட்டை என்பது ஜி, ஐந்தரை என்பது அதற்கடுத்த கறுப்புக் கட்டை என்று வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் கணக்கு தமிழ்ப் பாடகரிடையே வழங்கிவருவதால், ஸி-யிலேயே பழகிய விரலை வைத்துக்கொண்டு பாடகரின் சுருதிக்கு ஒலியை மட்டும் நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொத்தான் சில கருவிகளில் ஒலியை மட்டும் மாற்றும், சிலவற்றில் வெளியே செல்லும் மிடி எண்களையும் சேர்த்து மாற்றும். ஆகவே பாடகர் வருவதற்கு முன்பே, பொத்தானை ஐந்தரைக்கு நகர்த்தி, ஸி கட்டையை ஒருமுறை அடித்து, கணினித் திரையில் எந்தச் சுரம் விழுகிறது என்பதைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.